மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது

வாசகர் கேள்வி – பதில்
(பதில் அளிப்பவர் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பற்றியவை. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எழுதியிருக்கிறீர்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். வீட்டிலும் படகிலும் உப்பளத்திலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 46. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். தெருவில் நடந்த முகாமில் ரத்த அழுத்தம் 170/100 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று அதைத் தொடுவதில்லை. தலை வலித்தால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறார். எப்படிப் புரியவைப்பது அக்கா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்யாது. 170 அழுத்தத்தோடு ஒருவர் வலை இழுப்பார், நங்கூரம் தூக்குவார், மீன் ஏலம் முடியும் வரை கரையில் நின்று சத்தம் போடுவார். அந்த நேரமெல்லாம் உள்ளே ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துக்கொண்டே வரும். இதயம் கூடுதல் பாரத்தோடு அடித்துக்கொண்டிருக்கும். சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான். உலகத்தில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கணவருக்குத் தெரிந்துவிட்டது. அதுவே பெரிய காரியம்.

தலை வலிக்கும் அன்று ஒரு மாத்திரை என்பது பயனில்லாத வேலை. அம்லோடிபின் போன்ற மாத்திரை முழுப் பலன் தருவதற்கே ஏழெட்டு நாள் தொடர்ந்து உடம்பில் சேர வேண்டும். அது தலைவலி மாத்திரை அல்ல. தலைவலி இல்லாத நாளில்தான் அது முக்கியமாக வேலை செய்கிறது.

முதலில் இன்னொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். படகிலிருந்து இறங்கிய வேகத்தில், பீடியை அணைத்த கையோடு போய் உட்காரக் கூடாது. டீ, பீடி விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தும் 140/90-க்கு மேல் நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்குக் காலை எட்டு மணி, இரவு எட்டு மணி என்று நேரம் சொல்லிப் பயனில்லை. காற்றும் நீரோட்டமும்தான் அவர்களுடைய நேரத்தை முடிவு செய்கின்றன. அதனால் கரை இறங்கி வீட்டுக்கு வந்து முதல் வாய்ச் சோறு வைக்கும்போது மாத்திரை என்று பழக்குங்கள். தட்டோடு மாத்திரையையும் நீங்களே வையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் ஆகிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

ஆண்களிடம் நான் இதயத்தைப் பற்றியோ மூளையைப் பற்றியோ பேச மாட்டேன். வலது கையைப் பற்றிப் பேசுவேன். "வலது கை விழுந்துவிட்டால் வலையை யார் இழுப்பது, படகுக் கடனை யார் கட்டுவது?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, "எந்த நேரத்தில் போட வேண்டும் சிஸ்டர்?" என்று அவர்களே கேட்பார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரத்த அழுத்த மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாது, கிட்னி கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா? நான் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, நம் கடற்கரை முழுவதும் இந்தப் பேச்சு இருக்கிறது. இதனால் போன உயிர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தமும் கட்டுப்படாத சர்க்கரையும்தான். மாத்திரை போட்டவருக்குப் பல வருடம் கழித்து கிட்னி பழுதானால், பார்க்கிறவர்கள் மாத்திரைமேல் பழி போடுகிறார்கள். அந்த வருடங்களில் எத்தனை மாதம் மாத்திரை நின்றிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் வேலையைச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் சொல்லி ஒரு மாத்திரை, அது கேட்கவில்லை என்றால் ஓர் ஊசி என்று போகிறீர்களா? மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் சுமை தூக்குகிறவர்களில் பலர் அப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் போட்டால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு அது இரட்டைக் கேடு. பயப்பட வேண்டிய மாத்திரை அதுதான். வலி தாங்கவில்லை என்றால் உங்களுக்கு அழுத்தம் இருப்பதைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆயுள் முழுக்கவா என்றால், பெரும்பாலோருக்கு ஆம். எடை குறைந்து, உப்பு குறைந்து, குடி நின்று, அழுத்தம் நன்றாக இறங்கினால் மருத்துவர் அளவைக் குறைப்பார். நாமாக நிறுத்தக் கூடாது. இந்த வாரமே போய் மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: வயது 52. உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. எனக்கு பிரஷர் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். நாளெல்லாம் வேர்வை கொட்டுகிறவளுக்கு உப்பு வேண்டாமா? பாத்தியிலிருந்து எடுத்துவரும் உப்பைத்தான் சமையலுக்குப் போடுகிறோம். மகன் இந்துப்பு வாங்கச் சொல்கிறான். கஞ்சிக்குக் கருவாடு இல்லாமல் எனக்கு இறங்காது.
– ஒரு வாசகி, வாலிநோக்கம்

பதில்: அக்கா, உங்கள் கேள்விக்குள் நாலு கேள்வி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேர்வையில் உப்பு போவது உண்மை. ஆனால் நாம் சாப்பாட்டில் சேர்ப்பதே தேவைக்கு மேல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் உள்ள உப்பைச் சேர்த்துத்தான் அந்த ஒரு கரண்டி. இந்தியர்கள் சராசரியாக அதைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். உப்பளத்தில் உங்களுக்கு முதலில் குறைவது தண்ணீர். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு, வெப்பத்தால் அவர்களுடைய சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டியிருக்கிறது. ஒதுங்க இடம் இல்லை என்று பெண்கள் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாருவதை நான் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வேலை கொடுக்கிறவர்கள் கழிப்பறையும் நிழலும் கொடுத்தாக வேண்டும். நீங்கள் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். அதுவும் மருந்துதான்.

பாத்தி உப்பு வேண்டாம். அதில் அயோடின் சேர்த்திருக்காது. அது குறைந்தால் கழுத்துக் கழலை வரும், கர்ப்பிணி வீட்டில் இருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். இந்துப்பும் அப்படித்தான். நிறம் வேறு, விலை வேறு, உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. அழுத்தம் அதனால் குறையாது. அந்தப் பணத்துக்குச் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் வாங்குங்கள்.

சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு ஒன்று இருக்கிறது. வட சீனாவில் 600 கிராமங்களில் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்தவர்களும், அழுத்தம் உள்ள வயதானவர்களும்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வந்தது. ஏழைக் கிராமங்களுக்கு நல்ல வழிதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில வகை அழுத்த மாத்திரை போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் அதிகமாக ஏறினால் இதயமே நின்றுபோகலாம். மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

இனிக் கருவாடு. அதை விடு என்று நான் சொல்லப் போவதில்லை. மீன் கிடைக்காத நாளில் இந்தக் கரையின் ஏழைக்குப் புரதம் அதுதானே. சமைக்கும் முன் நிறையத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்துக் கழுவுங்கள். குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். வாரத்தில் ஓரிரு நாளோடு நிறுத்துங்கள். சாளையும் நெத்திலியும் பச்சையாக மலிவாகக் கிடைக்கும் நாளில் கருவாட்டுப் பானையைத் திறக்காதீர்கள். நம் ஊர் முண்டு மிளகாயும் புளியும் சேர்ந்தால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

அளந்து பார்க்கவும் ஒரு வழி உண்டு. உப்புப் பொட்டலத்தின் மேல் பிரித்த தேதியை எழுதிவையுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் சமையல் உப்பு செலவாகக் கூடாது. ஒரு கிலோ பொட்டலம் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிட்டால் உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: சர்க்கரை நோயாளி கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா? நாங்கள் பனைத் தொழில் செய்கிறவர்கள்.
– ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: அண்ணே, உங்கள் தொழிலின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கருப்பட்டியில் பெரும்பங்கு இருப்பது சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் கூடுதலாக இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. பனங்கற்கண்டும் பதநீரும் அதே கணக்குதான். சர்க்கரை இல்லாதவர்கள் அளவாகச் சாப்பிடட்டும். உங்களுக்கு வேண்டாம். நுங்கை இளசாக, எப்போதாவது ஒன்றிரண்டு சாப்பிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு இன்சுலின் ஊசி. விசைப்படகில் போனால் இரண்டு மூன்று நாள் தங்கல். மருந்து கெடாமல் இருக்க மீன் ஐஸுக்குள் புதைத்து எடுத்துப் போகிறார். ஆனாலும் திரும்பி வரும்போது சர்க்கரை 350, 400 என்று நிற்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: தம்பி, காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஐஸில் புதைத்தால் இன்சுலின் உறைந்துபோகும். ஒரு முறை உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் செத்த மருந்துதான். அப்பா தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறார், உள்ளே போவதில் சத்து இல்லை. அந்தக் குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

பிரித்த குப்பியை 30 டிகிரிக்குள் வைத்தால் 28 நாள் தாங்கும். அதற்கு ஐஸ் தேவையில்லை. குப்பியைத் துணியில் சுற்றி, ஈரம் புகாத சின்ன டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை வாய் அகன்ற பிளாஸ்க்கிலோ தெர்மாகோல் பெட்டியிலோ வைக்கலாம். பெட்டியில் ஐஸ் போட்டால் ஒரு மூலையில் இருக்க வேண்டும், டப்பாவைத் தொடக் கூடாது. என்ஜின் பக்கமும் வெயில் படும் இடமும் ஆகாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்ன மண்சட்டியை இறக்கி, மூடி நிழலில் வையுங்கள். மணலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலுக்கு அது பெரிய உதவி.

ஊசி போடும் முன் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டச் சொல்லுங்கள். கலங்கல் வகை மருந்து ஒரே சீராகப் பால்போல் இருக்க வேண்டும். கட்டி கட்டியாகவோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் போடக் கூடாது. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் குப்பி பெரும்பாலும் 40 யூனிட் வகை. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் சரி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் வகைக்கானது. மாற்றிப் போட்டால் அளவு தாறுமாறாகிவிடும்.

இன்னொன்று. இதைப் படகில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஊசி போட்டுவிட்டு, வலையில் மீன் பாய்ந்த மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு தடுமாறும். கடல் ஒவ்வாமல் வந்த மயக்கம் என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சோறு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டியதுதான். சட்டைப் பையிலும் படகுப் பெட்டியிலும் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறேன். சர்க்கரை வந்து ஆறு வருடம். பாறை கிழித்த காயம் காலில் ஒரு மாதமாக ஆறவில்லை. வலியும் இல்லை. கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்பார்களே?
– ஒரு வாசகி, சின்னப்பாலம்

பதில்: தங்கச்சி, வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் அங்கேதான். ஒரு மாதப் புண் வலிக்காமல் இருக்கிறது என்றால் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழந்துவிட்டன என்று அர்த்தம். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நாளைக் காலையிலேயே மருத்துவமனைக்குப் போங்கள். புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ வாடை அடித்தாலோ காய்ச்சல் இருந்தாலோ நாளை வரையும் காத்திருக்க வேண்டாம், இன்றே போங்கள். தனுர்வாதத் தடுப்பு ஊசி (டி.டி.) எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கடல் தண்ணீர் புண்ணை ஆற்றாது. அதிலிருக்கும் கிருமிகளில், சர்க்கரை உள்ளவரின் புண்ணில் புகுந்தால் ஒரே நாளில் கால் முழுவதும் பரவக்கூடியவை உண்டு. புண் மூடும் வரை கடலில் இறங்கவே கூடாது. கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். கால் போனால் கூலி என்றைக்குமே இல்லை. சுண்ணாம்பு, மஞ்சள் பத்து, மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள்.

புண் ஆறிய பிறகு செய்ய வேண்டியதையும் சொல்கிறேன், கேளுங்கள். பாசி எடுக்கிற பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறீர்கள், பாதத்தைத்தான் ஏனோ விட்டுவிடுகிறீர்கள். கட்டையான ரப்பர் காலணியை இறுகக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கலாக இருந்தால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நடக்க எம்.சி.ஆர். செருப்பு கேட்டு வாங்குங்கள், அதன் மெத்தென்ற அடிப்பாகம் பாதத்தில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் காக்கும்.

கேள்வி: முதல் பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது, குழந்தை பிறந்ததும் போய்விட்டது. இனிக் கவலை இல்லையே?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: கவலை வேண்டாம், கவனம் வேண்டும் அம்மா. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்று. அடுத்த கர்ப்பம் தெரிந்த உடனே ஒன்று. கர்ப்பகாலச் சர்க்கரையின் முக்கியத்துவத்தை நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 அதற்கான விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. தடுக்கவும் முடியும். சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள் நடையையும் சாப்பாட்டையும் சரிசெய்ததால் நோய் வருவது 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் கீரையும் மீனும் ஒரு கரண்டி கூட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை, இதய நோய் எல்லாம் பணக்காரர்களின் நோய் என்று படித்தேன். ஏழை நாடுகள் காசநோயையும் மலேரியாவையும் விட்டுவிட்டு இதற்குச் செலவழிக்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: மகளே, நீ படித்தது பழைய கதை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021-ல் சர்க்கரை, இதய நோய் போன்ற தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4 கோடியே 30 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 73 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். 70 வயதுக்கு முன்பே போனவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 82. சம்பாதிக்கிற வயதில் சாகிறவர்கள் ஏழை வீட்டில்தான் அதிகம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. நம் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் அந்தக் கணக்குக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

காசநோயை விட்டுவிட்டு என்று கேட்கிறாய். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. சர்க்கரை உள்ளவரைக் காசநோய் எளிதாகப் பிடிக்கும். பிரித்துப் பார்க்க முடியாது.

செலவு என்றால், பெரிய செலவு நோய் முற்றிய பிறகுதான். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்கு ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அலைகிற குடும்பத்தைப் பார். சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ்ஸுக்கும் உடன் போகிறவரின் கூலிக்கும் வீட்டிலுள்ள பொட்டு நகை போய்விடும். அந்த இடத்துக்குப் போகாமல் தடுக்கிற அம்லோடிபினும், சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினும் காப்புரிமை எப்போதோ முடிந்த, மிக மலிவான மருந்துகள். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இப்படிப்பட்ட மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 2017 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் இதே வழியில்தான் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே எளிய சிகிச்சை முறை, தீராத மருந்துக் கையிருப்பு, வராத நோயாளியைத் தேடிப் பிடிக்கும் பதிவேடு. செவிலியரும் களப்பணியாளரும் செய்யக்கூடிய வேலை இது. ஒவ்வொரு கிராமத்துக்கும் இதய நிபுணர் தேவையில்லை.

சில காரியங்களைத் தனி மனிதர் செய்ய முடியாது, அரசுதான் செய்ய வேண்டும். தனுஷ்கோடிக்கு எதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கை, 2016-லிருந்து குளிர்பான பாட்டில்களில் சர்க்கரை அளவுக்குத் தக்கபடி சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போட வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் கொழுப்பிலும் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. பொட்டலத் தின்பண்டங்களின் உப்புக்கும் சர்க்கரைக்கும் இப்படி எளிதில் புரியும் எச்சரிக்கை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளிக்கூட வாசல் கடையில் ஐந்து ரூபாய்க்குத் தொங்கும் பொட்டலத்தோடு ஒரு தாய் தனியாகப் போராட முடியாது. நீ படிக்கிற பெண். இதைப் பற்றி உன் கல்லூரியில் பேசு.

கேள்வி: பக்கவாதம் வந்தால் முதலில் என்ன செய்வது? எங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனை தொலைவு.
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பாருங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள். தண்ணீர், பால் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். அழுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டாம். கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் மாத்திரையை விடவில்லை அம்மா, மாத்திரைதான் எங்களை விட்டுவிடுகிறது. போன மாதம் மருத்துவமனையில் "இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணும் வரவில்லை. எனக்கு நடக்க முடியாது.
– ஒரு வாசகி, உச்சிப்புளி அருகே

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோயாளி ஒழுங்காக இல்லை என்று எல்லோரும் குறை சொல்கிறோம். மருந்து ஒழுங்காக வருகிறதா என்று கேட்பவர் குறைவு. ஏழையின் நோய் கட்டுக்குள் நிற்பதும் நழுவுவதும் அந்த ஒரு வாரத்தில்தான்.

வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது, உங்களைப்போல நடக்க முடியாதவர்களை நினைத்து நான் மனதார மகிழ்ந்தேன். 2024-ல் அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. நல்ல திட்டம். அதைக் காப்பாற்ற நாமும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பகுதித் தன்னார்வலப் பெண்ணின் எண்ணையும், கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும் சுவரில் எழுதிவையுங்கள். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், வெயிலில் நடந்தே வீடு வீடாகப் போகிறவள், அவள் கைக்கு மருந்து வராமலும் இருந்திருக்கலாம். செவிலியரிடம் கேளுங்கள். அங்கும் வழி இல்லையென்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழைத்து, ஊர், நிலையம், மருந்தின் பெயர் மூன்றையும் சொல்லிப் புகாராகப் பதியச் சொல்லுங்கள்.

பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைக் கேட்க வேண்டும், அட்டை காலியான பிறகு அல்ல. இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டால், உங்கள் சீட்டைக் காட்டி, அதே மருந்தை ஒரு வாரத்துக்கு மட்டும் மக்கள் மருந்தகத்திலோ கடையிலோ கம்பெனிப் பெயர் இல்லாமல், மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கிவரச் சொல்லுங்கள். சில ரூபாய்தான் ஆகும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடாதீர்கள், அவருடையது வேறு மருந்தாக இருக்கும். மாத்திரை வந்ததும், அடுத்த முறை எந்தத் தேதியில் வருவீர்கள் என்று கேட்டு, அந்தத் தேதியை உங்கள் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.